பழைய போனுக்கு ஒரு வேலை, ஒரே ஒரு வேலை

எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டின் கீழ் டிராயரில் நான்கு பழைய போன்கள் இருந்தன. அதில் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து, ஜன்னலில் சாய்த்து வைத்து, வாசல் கேட்டைப் பார்க்கும் கேமராவாக்கிவிட்டேன். ஏழு மாதம் நன்றாக ஓடியது. சார்ஜர் ஒருநாள்கூடக் கழற்றப்படவில்லை, அதுதான் நான் செய்த தப்பு. ஒருநாள் ஜன்னல் துடைக்கப் போன அம்மா உள்ளே இருந்தே கத்தினார்: "என்னடா இது, பூரி மாதிரி உப்பிக் கிடக்கு?" போய்ப் பார்த்தால் பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, உள்ளே பேட்டரி தலையணை மாதிரி. அன்றைக்கு அது வெடிக்காமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

பழைய போனை என்ன செய்யலாம் என்று தேடினால் "இருபது வழிகள்", "ஐம்பது வழிகள்" என்று வரும். அவற்றில் முக்கால்வாசியை நான் செய்து பார்த்திருக்கிறேன், பாதி தோல்வி. போன் மெதுவாகிவிட்டதால் தோற்றது என்று ஒன்றுகூட இல்லை. பேட்டரியைக் கவனிக்காமல் விட்டேன், இல்லாவிட்டால் ஒரே போனில் ரேடியோ, கேமரா, கடிகாரம், பேரேடு என்று எல்லாவற்றையும் ஏற்றினேன். அதனால் புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டே: முதலில் பேட்டரியைப் பாருங்கள், அப்புறம் ஒரு போனுக்கு ஒரு வேலை மட்டும் கொடுங்கள். மீதியெல்லாம் அதற்குள் அடங்கும். இங்கே சொல்வது ஆண்ட்ராய்டு போன்களுக்கு.

முதலில் கண்ணாடி மேல் வைத்துச் சுண்டுங்கள்

போனை அணைத்து, கவரைக் கழற்றி, கண்ணாடி மேசையிலோ வழவழப்பான டைல்ஸ் தரையிலோ படுக்க வைத்து, ஒரு மூலையை விரலால் மெதுவாகச் சுண்டிவிடுங்கள். நல்ல போன் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும். பம்பரம் மாதிரி நடுவை மையமாக வைத்துச் சுற்றினால் நடுவில் புடைத்திருக்கிறது என்று பொருள். பின்பக்கம் கேமரா துருத்திக்கொண்டிருக்கும் போன் என்றால் திரை கீழே இருக்கும்படி வைத்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் கேமராவே அதை ஆட்டி உங்களை ஏமாற்றிவிடும். பேட்டரியைக் கழற்ற முடிகிற பழைய மாடல் என்றால் இன்னும் சுலபம், பேட்டரியை மட்டும் எடுத்து வைத்துச் சுண்டலாம். இதைத் தவிர, திரையின் ஓரம் எழும்பியிருக்கிறதா, விளிம்பில் நகம் நுழைகிற அளவு இடைவெளி வந்திருக்கிறதா என்றும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

உப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு, அவர்கள் பக்கமே போகாதீர்கள். உள்ளே இருப்பது காற்று இல்லை, தீப்பிடிக்கக்கூடிய ஆவி. துணி, காகிதம் இல்லாத இடத்தில், வெறும் தரையில் வைத்துவிட்டு, அந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலோ மின்கழிவு வாங்கும் இடத்திலோ கொண்டுபோய்க் கொடுங்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, பழைய சாதனங்கள் முறைப்படி மறுசுழற்சிக்குப் போகப் பார்த்துக்கொள்வது தயாரிப்பாளர்கள் பொறுப்பு. குப்பைத் தொட்டியில் போட்டால் அது லாரியில் நசுங்கும், அங்கே தீப்பிடிக்கும்.

சரி, ஏன் உப்புகிறது? லித்தியம் அயன் பேட்டரி முழுதாக நிறையும்போது ஒரு செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட் அளவில் இருக்கும், சில புது வகைகளில் இன்னும் கொஞ்சம் மேலே. அந்த உச்சத்திலேயே, அதுவும் சூட்டோடு, மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் உள்ளே இருக்கும் திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து வாயுவாகிறது. எப்போதும் சார்ஜரில் கிடக்கும் போனுக்கு நேர்வது இதுதான். நம் ஊர் மே மாதத்து ஜன்னலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பேட்டரிக்குப் பிடித்த இடம் நடுத்தரம், நாற்பதிலிருந்து எண்பது சதவீதத்துக்குள்.

சில போன்களில் எண்பதிலோ எண்பத்தைந்திலோ சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதி செட்டிங்ஸிலேயே, பேட்டரி பகுதிக்குள் இருக்கும். இருந்தால் போட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். டிராயரில் கிடக்கும் போன்களில் பெரும்பாலும் இருக்காது. அதற்கு நான் செய்வது இது: எலெக்ட்ரிகல் கடையில் டைமர் பிளக் என்று கேட்டு வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். வட்டமான முகம், சுற்றிலும் சின்னச் சின்ன பல், ஒரு பல்லுக்குப் பதினைந்து நிமிடம். எந்தப் பற்களை அழுத்தி வைக்கிறோமோ அந்த நேரத்துக்கு மட்டும் கரண்ட் போகும். அதில் போனோடு வந்த வேகமான சார்ஜரைச் செருகாதீர்கள். எங்காவது பழைய 5 வோல்ட் 1 ஆம்பியர் சார்ஜர் கிடக்கும், அதைப் போடுங்கள். மெதுவாக ஏறும், சூடு குறைவு. பழைய போனுக்கு அவசரம் எதுவும் இல்லையே.

எத்தனை பல்லை அழுத்துவது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் செலவழியுங்கள். போனுக்குத் தரப்போகும் வேலையை முழு நாளும் கொடுத்து, காலையில் எத்தனை சதவீதம், இரவில் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். என்னுடைய ரேடியோ போன் ஒரு நாளில் ஏறக்குறைய ஐம்பது சதவீதம் தின்கிறது. அதன் பேட்டரி 3000 மில்லி ஆம்பியர் ஹவர், அந்த மெதுவான சார்ஜரில் ஒரு மணி நேரத்துக்கு முப்பது சதவீதம் ஏறுகிறது. ஆக ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் போதும். காலையில் நான்கு பல், மாலையில் மூன்று பல். ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஏறிக்கொண்டே போனால் ஒரு பல்லைக் குறைக்கலாம், இறங்கிக்கொண்டே போனால் ஒன்றைக் கூட்டலாம். சோற்றுக்குத் தண்ணீர் வைப்பது மாதிரிதான், இரண்டு முறை தப்பினால் கைக்கு வந்துவிடும்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு சிக்கல் வந்தது. இந்த டைமரின் கடிகாரம் ஓடுவதே கரண்டில்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை கரண்ட் எடுத்தார்கள் என்றால், டைமரும் ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். காலை ஆறு மணிக்கு ஏற வேண்டியது பதினொன்றுக்கு ஏறும். மொத்த அளவு மாறாது என்பதால் போனுக்கு நஷ்டம் இல்லை, ஆனாலும் நடுராத்திரியில் சார்ஜ் ஆவது எனக்குப் பிடிக்காது. அதனால் கரண்ட் போன நாள் மாலையில் முகத்தைத் திருகி நேரத்தைச் சரிசெய்துவிடுவேன்.

காலி செய்வதற்கு முன்

பேட்டரி தேறிவிட்டது என்றால் அடுத்து போனைத் துடைத்துச் சுத்தமாக்க வேண்டும். இங்கே வரிசை முக்கியம்.

முதலில் போட்டோக்களைக் கேபிள் போட்டு கம்ப்யூட்டருக்கு எடுங்கள். தொடர்பு எண்களில் சில போனிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், கணக்கோடு சேராதவை, அவற்றையும் பாருங்கள். ஆறிலக்கக் குறியீடு காட்டும் பாதுகாப்புச் செயலி எதையாவது அந்தப் போனில் வைத்திருந்தால், அதைப் புதுப் போனுக்கு மாற்றாமல் அழித்தீர்கள் என்றால் மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைய முடியாமல் நிற்பீர்கள். மெமரி கார்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஆண்ட்ராய்டு 6 முதல், கார்டைப் போனின் உள் நினைவகமாகவே மாற்றிக்கொள்ளும் வசதி வந்தது. அப்படி மாற்றியிருந்தால் அந்தக் கார்டு அந்தப் போனில் மட்டும்தான் திறக்கும். ரீசெட் செய்த பிறகு, அதாவது போனில் இருப்பதையெல்லாம் அழித்துப் புதுப் போன் மாதிரி ஆக்கிய பிறகு, கார்டை எடுத்து வேறு எதில் போட்டாலும் ஒன்றும் தெரியாது, அந்தப் போனிலும் தெரியாது. போனது போனதுதான்.

இதெல்லாம் முடிந்ததும் செட்டிங்ஸில் போய் கூகுள் கணக்கை நீக்குங்கள். நீக்கிய பிறகுதான் ரீசெட். ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து ஒரு திருட்டுத் தடுப்புப் பூட்டு இருக்கிறது. கணக்கை நீக்காமல் பட்டன்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தால், போன் மறுபடி திறக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். என் சித்தப்பா "எல்லாம் அழிச்சிட்டேன்டா, அப்படியே எடுத்துக்கோ" என்று ஒரு போனைக் கொடுத்தார். அழித்ததென்னவோ உண்மைதான். அவர் எந்த மின்னஞ்சலைப் போட்டிருந்தார் என்பதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு மூன்று சாயங்காலம் ஆனது.

மறுபடி திறக்கும்போது கணக்கு கேட்கும் இடத்தில் தவிர்த்துவிட்டுப் போங்கள். இனி இந்தப் போனுக்கு உங்கள் பெயரில் எதுவும் வேண்டாம். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கி, யுபிஐ, மின்னஞ்சல் மூன்றும் கூடவே கூடாது. இதில் நான் ரொம்பக் கறார். செயலிகளுக்கு எஃப்-டிராய்டு என்ற கடை இருக்கிறது, 2010-லிருந்து நடக்கிறது, கணக்கே கேட்காது, அதில் இருப்பவை எல்லாம் திறந்த மூல மென்பொருள்கள், அதாவது எப்படி எழுதப்பட்டன என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டு ரவுட்டரில் விருந்தினர் வைஃபை (வீட்டின் மற்ற கருவிகளோடு சேராத தனி இணைப்பு) வசதி இருந்தால் பழைய போனை அதில் மட்டும் சேருங்கள்.

இணையம் வரவில்லை என்றால்

வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயரே தெரியவில்லை என்றால் போன் கெட்டுப்போகவில்லை. பழைய, விலை குறைந்த போன்கள் பலவற்றுக்கு வைஃபை அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 தெரியாது. ரவுட்டரில் 2.4-ஐ அணைத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

வைஃபை சேர்ந்துவிட்டது, ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பானதல்ல" என்கிறது என்றால் முதலில் தேதியைப் பாருங்கள். மாதக்கணக்கில் பேட்டரி சுத்தமாக வற்றிக் கிடந்த போன், எழுந்ததும் பல வருடம் பின்னால் போய் நிற்கும். ஒரு இணையதளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. போனுடைய கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைக் கையால் சரிசெய்தாலே போதும். அரை மணி நேரம் ரவுட்டரைத் திட்டிவிட்டு இதைக் கண்டுபிடித்தவன் நான்.

தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், போனின் ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தையதா என்று பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகச் சான்றிதழ் தருகிறது, உலகத்தில் ஏகப்பட்ட தளங்கள் அதைத்தான் வைத்திருக்கின்றன. அந்தச் சான்றிதழ்களை நம்பலாம் என்பதற்கு ஆதாரமான அதன் மூலச் சான்றிதழ், அந்தப் பழைய போன்கள் நம்பும் பட்டியலில் இல்லை. வேறொரு நிறுவனத்தின் கையெழுத்தை வைத்துக் கொஞ்ச காலம் ஒப்பேற்றினார்கள், அதுவும் 2024-ல் முடிந்தது. இதற்குக் குறுக்கு வழிகள் உண்டு, ஆனால் புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிப்பட்ட போனுக்கு இணையமே தேவைப்படாத வேலையைக் கொடுங்கள், அவ்வளவுதான். அப்படி வேலைகள் நிறையவே இருக்கின்றன, எனக்குப் பிடித்தவையும் அவைதான்.

இன்னும் இரண்டு சின்ன வித்தை. போன் மந்தமாகத் தோன்றினால், "போனைப் பற்றி" பகுதியில் பில்டு எண் என்று இருப்பதை ஏழு முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்று புதிதாக ஒரு பகுதி முளைக்கும். அதில் அனிமேஷன் ஸ்கேல் என்று மூன்று இருக்கும், மூன்றையும் பாதியாக்குங்கள். போன் உண்மையில் வேகமாகாது, திரைகள் நகரும் அலங்காரம் குறைவதால் வேகமானது மாதிரி இருக்கும், அதுவே போதும். அந்தப் பகுதியில் வேறு எதையும் தொடாதீர்கள். இன்னொன்று, டிஸ்பிளே தெரிகிறது, தொட்டால்தான் வேலை செய்யவில்லை என்றால் ஓடிஜி கேபிள் (போனில் யுஎஸ்பி சாதனங்களைச் செருக உதவும் சின்ன ஒயர்) வாங்கி சாதாரண கம்ப்யூட்டர் மவுஸைச் செருகிப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் திரையில் அம்புக்குறி வந்து நிற்கும். போட்டோக்களை மீட்க இது ஒன்றே போதும்.

அம்மாவின் ரேடியோ

எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக நிற்காமல் ஓடுவது இதுதான். ஆரம்பிக்கிறவர்கள் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

எஃப்எம் இருக்கும் போன் என்றால் ஒயர் இயர்போனைச் செருக வேண்டும். கேட்பதற்கு இல்லை, அந்த ஒயர்தான் ஆன்டெனா. செருகிவிட்டு ரேடியோ செயலியில் ஸ்பீக்கர் குறியைத் தட்டினால் சத்தம் போனிலிருந்து வரும், ஒயர் சும்மா தொங்கும். ஒரு பக்கம் அறுந்துபோன, பாட்டு கேட்க லாயக்கற்ற இயர்போன்கூட இதற்குப் போதும். ஒயரைச் சுருட்டி வைக்காமல் ஜன்னல் கம்பி ஓரமாக நீளமாகத் தொங்கவிடுங்கள். எங்கள் சமையலறை மதுரையில் இருக்கிறது. ஒயர் சுருண்டு கிடந்தவரை இரைச்சலாக இருந்த கோடைப் பண்பலை, அதான் கொடைக்கானல் 100.5, நீட்டிவிட்டதும் பக்கத்து வீட்டிலிருந்து வருவது மாதிரி வந்தது.

பாட்டுக்கு மெமரி கார்டு. கம்ப்யூட்டரில் வைத்தே ஃபோல்டர்களைத் தமிழில் பெயரிட்டு அடுக்கிக் கார்டில் ஏற்றுங்கள், "காலை", "மாலை", "பழையது" என்று அம்மா தேடுகிற பெயரில். விஎல்சி என்ற பாட்டு, வீடியோ செயலி ஃபோல்டர் வாரியாக அப்படியே காட்டும். பாட்டுச் செயலிகள் பலவற்றில் ஆல்பம், ஆர்ட்டிஸ்ட் என்று கலைத்துப் போட்டுவிடுவார்கள், வயதானவர்களுக்கு அது தொல்லை.

முகப்புத் திரையில் ரேடியோ, பாட்டு, கடிகாரம் மூன்று மட்டும் இருக்கட்டும். முதலில் நான் சமையல் வீடியோ, வானிலை, செய்தி எல்லாம் போட்டுக்கொடுத்தேன். நான்காம் நாள் "இதுல பாட்டு எங்கடா வரும்?" என்று கேட்டார். எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன், அதற்குப் பிறகு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒரு செயலியைவிட்டு வெளியே போகாமல் பூட்டி வைக்க ஸ்கிரீன் பின்னிங் என்ற வசதி ஆண்ட்ராய்டு 5-லிருந்தே இருக்கிறது, செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் கிடைக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது உதவும்.

மாவு கை, எண்ணெய்க் கை என்பதால் போனை மெல்லிய ஜிப் பாக்கெட் கவரில் போட்டு வைக்கிறோம். திரை கவருக்கு மேலேயே வேலை செய்யும், சத்தமும் பெரிதாகக் குறையாது. ஆனால் அடுப்புக்கு நேர் மேலேயோ ஃபிரிட்ஜ் மேலேயோ வைக்க வேண்டாம். அங்கே சூடு. மேலே சொன்ன பேட்டரி கதைதான் திரும்ப வரும். சத்தம் போதவில்லை என்றால் பழைய ஹோம் தியேட்டரையோ ஆம்ப்ளிஃபயரையோ தூசி தட்டுங்கள். புதுப் போன்களில் காணாமல் போன அந்த 3.5 மில்லிமீட்டர் ஓட்டை உங்கள் பழைய போனில் இருக்கிறது, ஒரு கேபிள் போதும். அப்படிச் செய்தால் எஃப்எம்முக்கு அந்தக் கேபிளே ஆன்டெனாவாகவும் ஆகிவிடும், சில சமயம் ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலும் சேர்ந்து வரும். அதற்குக் கேபிளை மாற்றி மாற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

சமையல் குறிப்பு நோட்டு

இரண்டாவது போன் ஸ்கேனர் ஆனது. பாட்டி கைப்பட எழுதிய நோட்டு, ஓரமெல்லாம் உதிர்கிறது. ஒவ்வொரு பக்கமாகக் கையில் பிடித்துப் படம் எடுத்தால் பத்தாவது பக்கத்தில் கை நடுங்கும், இருபதாவதில் பொறுமை போகும். ஒரு ஸ்டூல் விளிம்பில் போனை வைத்து, கேமரா மட்டும் வெளியே நீட்டியிருக்கும்படி செய்து, மேலே கனமான அகராதியை ஏற்றினேன். கீழே தரையில் நோட்டு. பக்கம் மடங்காமலிருக்க ஒரு போட்டோ ஃபிரேமின் கண்ணாடி. பகல் வெளிச்சம், பக்கவாட்டிலிருந்து. ஃபிளாஷ் வேண்டாம், டியூப்லைட்டும் வேண்டாம், இரண்டும் கண்ணாடியில் வெள்ளைக் கோடாக விழும்.

போனைத் தொட்டால் ஆடுமே, எப்படி எடுப்பது? இயர்போன் ஒயரில் இருக்கும் ஒலி கூட்டும் பட்டனை அழுத்துங்கள். பல கேமரா செயலிகளில் அது ஷட்டர். ஒரு கையால் பக்கம் திருப்பி, மறு கையால் பட்டன் அழுத்தி, நூற்றுச் சொச்சம் பக்கங்களை இரண்டு மணி நேரத்தில் முடித்தேன். படங்களைக் கேபிள் வழியாக கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது. அச்சுப் பக்கங்கள் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்து பாருங்கள், தமிழ் எழுத்துகளை ஓரளவு நன்றாகவே எடுத்துக் கொடுக்கிறது. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான புத்தகங்களில், கொம்பு போட்ட பழைய லை, னை, வளைந்த ணா, றா வரும் இடங்களில் தடுமாறும், அதைக் கையால் திருத்த வேண்டும். பாட்டியின் கையெழுத்தை அது படித்த லட்சணத்தை இங்கே சொல்லப் போவதில்லை. நானே உட்கார்ந்து தட்டச்சு செய்கிறேன், முப்பது பக்கம் ஆகியிருக்கிறது.

கைதட்டி ஒலியின் வேகம்

வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் மூன்றாவது போனை ஆய்வுக்கூடம் ஆக்கிவிடுங்கள். ஜெர்மனியில் ஆஹன் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு செயலி இருக்கிறது, 2016-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, பெயர் ஃபைஃபாக்ஸ். தேடும்போது பி, எச், ஒய், பி, எச், ஓ, எக்ஸ் என்று தட்டுங்கள், இல்லாவிட்டால் நரிப் படம் போட்ட வேறு என்னென்னவோ வரும். போனுக்குள் இருக்கும் உணரிகளை எண்ணாகவும் கோடாகவும் காட்டுவதுதான் அதன் வேலை. அதில் காந்தமானியைத் திறந்தால் நம் ஊரில் சும்மா இருக்கும்போதே சுமார் 40 மைக்ரோடெஸ்லா காட்டும், அது பூமியின் காந்தப்புலம். போனைக் கதவின் மேல் மெதுவாக நகர்த்தினால் எண் திடீரென்று எகிறும் இடத்தில் ஆணியோ திருகோ இருக்கிறது.

அண்ணன் மகளும் நானும் மொட்டை மாடியில் செய்தது ஒலியின் வேகம். இரண்டு போனிலும் ஒலி நிறுத்தக்கடிகாரம் என்ற சோதனையைத் திறக்க வேண்டும். ஒரு சத்தம் கேட்டால் அது ஓட ஆரம்பிக்கும், அடுத்த சத்தத்தில் நிற்கும். டேப் வைத்து ஐந்து மீட்டர் அளந்து, இந்த முனையில் அவளும் அவள் போனும், அந்த முனையில் நானும் என் போனும். அவள் ஒருமுறை கைதட்டுகிறாள், இரண்டு கடிகாரமும் ஓடுகின்றன, ஆனால் என்னுடையது கொஞ்சம் தாமதமாக, ஏனென்றால் சத்தம் ஐந்து மீட்டர் வர வேண்டும். அப்புறம் நான் தட்டுகிறேன். என்னுடையது உடனே நிற்கிறது, அவளுடையது தாமதமாக நிற்கிறது. ஆக அவள் கடிகாரம் தாமதமில்லாமல் கிளம்பித் தாமதமாக நின்றது, என்னுடையது தாமதமாகக் கிளம்பி உடனே நின்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், ஒலி ஐந்து மீட்டரை இரண்டு முறை, அதாவது பத்து மீட்டரைக் கடக்க எடுத்த நேரம்.

எங்களுக்கு வந்தது 0.029 வினாடி. பத்தை அதால் வகுத்தால் 345 மீட்டர். அன்று சாயங்காலம் 31 டிகிரி, பாடப்புத்தகக் கணக்குப்படி 350 வர வேண்டும். பரவாயில்லை என்று நான் சொன்னேன், அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயிரத்தில் ஒரு வினாடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போனாலே விடை 333-க்கும் 357-க்கும் இடையே தாவும், அதனால் தூரத்தைக் கூட்டினால் பிழை குறையும் என்று அவளே கண்டுபிடித்து, மாடியின் மூலைக்கு மூலை நிற்கவைத்து என்னைப் பாடாய்ப் படுத்தினாள். செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: செயலியில் எவ்வளவு சத்தத்துக்கு விழிக்க வேண்டும் என்ற அளவைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் காக்கை கத்தினாலும் கடிகாரம் நின்றுவிடும். பக்கத்தில் சுவர் இல்லாத இடமாகவும் பாருங்கள், எதிரொலி குழப்பும். கைதட்டலைவிட இரண்டு எவர்சில்வர் கரண்டிகளைத் தட்டுவது நல்லது.

மழை நாளில் செய்ய ஒன்று. டிவி ரிமோட் வேலை செய்யவில்லை, பேட்டரியா ரிமோட்டா என்று சந்தேகம் வந்தால், போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து அதன் முன்னால் ரிமோட்டின் மூக்கைக் காட்டி பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் ஊதா வெளிச்சமாக மினுக்கும். மினுக்கினால் ரிமோட் நலம், டிவியைப் பாருங்கள். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் தெரியாது, அதில் அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி நன்றாக இருக்கும்.

செய்யாமல் விட்டிருக்க வேண்டியது

தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைப் பார்க்க மாடியில் ஒரு போனைக் கேமராவாக வைத்தேன். வெயிலுக்கு அட்டைப்பெட்டி, மழைக்கு பாலித்தீன், வைஃபைக்கு ஒரு ரிப்பீட்டர், சார்ஜுக்கு நீளமான ஒயர். இரண்டாம் நாள் பகல் பன்னிரண்டுக்கு, சூடு அதிகம் என்று எச்சரிக்கை காட்டிவிட்டுத் தானாக அணைந்தது. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டேன், மறுநாள் பதினொன்றரைக்கு அணைந்தது. கடைசியில் கடையில் விற்கிற, தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரத்தை வாங்கி மாட்டிவிட்டேன். அது கத்துகிறது, அப்பா எழுந்து மோட்டாரை அணைக்கிறார்.

கேமரா வேண்டும் என்றே நினைப்பவர்களுக்கு: வீட்டுக்குள், நிழலில், எதிர் வீட்டு ஜன்னல் தெரியாத கோணத்தில் வையுங்கள். வெளியூரிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழி, திறந்துவிடச் சொல்லும் வழிமுறைகள் கிடைக்கும், அதைச் செய்யாதீர்கள். நீங்கள் பார்க்கிற அதே கதவு வழியாக யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வீட்டு வைஃபைக்குள் மட்டும் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு போனின் முதுகிலும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் வேலை என்ன, எந்த நாளில் அந்த வேலைக்கு வந்தது, எந்த சார்ஜர் என்று பேனாவால் எழுதிவிடுங்கள். மாதம் ஒருமுறை கவரிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேல் வைத்துச் சுண்டிப் பார்க்க வேண்டும். நான் ஒன்றாம் தேதி பால்காரருக்குப் பணம் கொடுத்துவிட்டு அப்படியே மூன்று போனையும் சுண்டிவிடுவேன். போன மாதம் ஸ்கேனர் போன் கால் சுற்று சுற்றியது மாதிரி எனக்குத் தோன்றியது. இப்போதைக்கு அதன் சார்ஜரைக் கழற்றி வைத்திருக்கிறேன், பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்று கடையில் கேட்க வேண்டும்.